ஈஸ்டர் அன்று போட்ட சால்வை

என் வீட்டுக்காரர் கிருபானந்தத்துக்கு மைக் கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். சர்ச்சில் எந்த விழா நடந்தாலும் நன்றியுரை அவருடையதுதான். பந்தல் போட்டவரில் ஆரம்பித்து மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றியவர் வரை ஒருவரையும் விடமாட்டார். கூட்டம் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்த பிறகும் இவர் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அதைக் கேலி செய்யாத நாளில்லை. இப்போது கேலி செய்ய மனசு வருவதில்லை.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் எபனேசர் நகர். சர்ச்சின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நவாப் தோப்பு. தோப்பு என்று பேர்தான், இருப்பதெல்லாம் வீடுகள். ஷூ கம்பெனிக்கும் தோல் ஷெட்டுக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள். அதில் கடைசி வீடு நிசார் அஹமது பாயுடையது. அவர் வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் விமானத் திடல். ஆடு மேய்ந்துகொண்டிருந்த அந்த இடத்தை விமானம் ஓட்டச் சொல்லித்தரும் ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்த பிறகுதான் எங்களுக்குச் சனி பிடித்தது.

பயிற்சி விமானம் என்றால் எங்காவது கிளம்பிப் போய்த் தொலையும் என்று நினைத்திருந்தேன். அது எங்கும் போகாது. எழும்பும், எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் போடும், இறங்குவது போல வந்து தரையைத் தொட்டுவிட்டு மறுபடி எழும்பும். ஸ்கூட்டி பழகுகிறவர்கள் ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்களே, அது மாதிரி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை இதே கதை. நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து பகலில் தூங்கினால்தான் அன்று ராத்திரி ஊசி போடும் கை நிதானமாக இருக்கும். காதில் பஞ்சு, தலைக்கு மேல் தலையணை, ஜன்னலுக்குக் கம்பளி என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். தூக்கம் கெட்டதில் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். அதையெல்லாம் வாங்கிக்கொண்டவரும் இவர்தான்.

சத்தத்தோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். ஓடுபாதையை நீட்டப் போகிறோம், பெரிய விமானம் வரப் போகிறது என்று பேச்சு வந்தது. நீட்டினால் நவாப் தோப்பின் கடைசி வரிசை போகும். நிசார் பாய் வீடுதான் முதலில்.

அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். வட்டிக்குக் கடன் வாங்கமாட்டார், அது அவர்களுக்கு ஆகாது. அதனால் கையில் சேரச் சேர ஒவ்வோர் அறையாகக் கட்டினார். கதவு வைத்த பிறகு ஜன்னலுக்கு ஒரு வருஷம் சாக்குத்துணி தொங்கியது. அவர் மனைவி பில்கிஸ் சமையலறைக்குப் பச்சை டைல்ஸ்தான் வேண்டுமென்று அடம்பிடித்து, அதற்காக இரண்டு ரம்ஜானுக்குப் புதுத்துணி எடுக்காமல் இருந்தாள். அப்படிக் கட்டிய வீடு.

ஆகவே இவரும் நிசார் பாயும் சேர்ந்து போராட்டக் குழு ஆரம்பித்தார்கள். ஒரு கூட்டம் சர்ச் ஹாலில் என்றால் அடுத்தது மதரஸாவில். எதைச் செய்தாலும் இரண்டு தெருவும் சேர்ந்துதான். கறுப்புக்கொடி கட்டினோம், நெடுஞ்சாலையில் உட்கார்ந்தோம், போலீஸ் வேனில் ஏறி இறங்கினோம். சாயங்காலம் ஆனால் நிசார் பாய் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று பேசுவார்கள். பேச்சில் பாதியை விமானம் தின்றுவிடும். இவருக்கு நிசார் பாயைப் போல ஒரு சிநேகிதர் அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. வாத்தியார்களுக்குத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் உண்டு, சிநேகிதர்கள் கம்மி.

போன வருஷம் புனித வெள்ளி வந்தது. எங்கள் சர்ச்சில் அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம் செய்வார்கள். அதற்கு முந்தைய வருஷம் நான்காம் வார்த்தைக்கு வந்த போதகர், விமானம் போகட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசியதில், எங்கே விட்டோம் என்று தெரியாமல் மூன்றாம் வார்த்தைக்கே திரும்பிப் போய்விட்டார். சபையே தலையைக் குனிந்து சிரித்தது. துக்க நாளில் சிரித்துவிட்டோமே என்று பிறகு எல்லாருக்கும் சங்கடம்.

"அந்த மூணு மணி நேரமாவது நிறுத்தச் சொல்லிக் கேப்போம் பாய்" என்றார் இவர்.

"கேளுங்க சார். அதே டைம்லதான் எங்களுக்கும் ஜும்மா. குத்பா பிரசங்கம் ஒரு வார்த்த காதுல உழறதில்ல. நானும் வர்றேன்" என்றார் நிசார் பாய்.

திடலின் மேனேஜர் காசிநாதன் என்பவர். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேரையும் உட்காரவைத்து, காபி கொடுத்து, அங்கேயே போனை எடுத்து அன்றைக்குப் பகலில் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தை என்னால் மறக்கவே முடியாது. சர்ச்சில் மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஒரு பாட்டுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இருந்த அமைதியில், பின்சுவருக்கு அப்பாலிருந்து பள்ளிவாசல் குத்பா மெதுவாக வந்தது. எங்கள் பாட்டு அவர்களுக்குக் கேட்டிருக்கும். பக்கத்தில் பார்த்தால் இவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்தது. இவ்வளவு நாளாக எதைப் பறிகொடுத்திருந்தோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒருவர் நல்லது செய்தால் சால்வை போடாமல் எங்கள் ஊரில் விடமாட்டார்கள். கவுன்சிலர் குழாய் போட்டால் சால்வை, இன்ஸ்பெக்டர் மாறிப் போனால் சால்வை, புது இன்ஸ்பெக்டர் வந்தால் இன்னொரு சால்வை. காசிநாதனை ஈஸ்டர் ஆராதனைக்கு வரவழைத்து மரியாதை செய்யவேண்டும் என்றார் இவர். குழுவில் ஒருவர் கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அன்று ஆராதனை முடிந்து வந்து நிம்மதியாகத் தூங்கி எழுந்த சந்தோஷத்தில் இருந்தேன். நிசார் பாய் ஒருபடி மேலே போய், "சால்வ எங்க தெருவோடதா இருக்கட்டும் சார். அமைதி எங்களுக்கும்தான கெடச்சுது?" என்று ஆம்பூர் பஜாரில் ஜரிகை போட்டதாகப் பார்த்து வாங்கிவந்தார்.

ஈஸ்டர் காலையில் ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் எல்லாரும் நின்றோம். நிசார் பாய் சால்வையைப் பிரித்து காசிநாதன் தோளில் போட்டார். எல்லாரும் கைதட்டினோம். இவர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம கஷ்டத்தைப் புரிஞ்சிக்கிட்ட பெருந்தன்மையான மனிதர்! இந்த நிறுவனம் நமக்குக் கெடச்ச நல்ல அண்டை வீட்டார். இவங்க இருக்கிற வரைக்கும் இந்த ரெண்டு தெருவுக்கும் ஒரு குறையும் வராது!"

நன்றியுரையில் எப்போதும் சொல்கிற வார்த்தைகள்தான். பந்தல்காரருக்கும் இதையேதான் சொல்வார். நிசார் பாய்தான் முதலில் கைதட்டினார். கூட இருந்தவர்கள் எல்லாரும் போனில் படம் பிடித்தார்கள். காசிநாதனோடு வந்திருந்த பையனும் பிடித்தான்.

ஜூன் மாதத்தில், ஓடுபாதையை நீட்டுவது பற்றிக் கருத்துக் கேட்கிறோம் என்று வேலூரில் ஒரு ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பஸ் பிடித்துப் போனோம். இவர் வழியெல்லாம் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மேடையில் பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர்கள் முதலில் திரையில் மேப் காட்டினார்கள், வேலைவாய்ப்பு என்றார்கள். கடைசியில், "அக்கம்பக்கத்து மக்களோடு எங்களுக்கு உள்ள உறவு" என்று சொல்லி ஒரு வீடியோ போட்டார்கள்.

எங்கள் சர்ச் வாசல். சால்வை. கைதட்டல். பிறகு இவர் குரல், ஹால் முழுக்க: "இவங்க இருக்கிற வரைக்கும் இந்த ரெண்டு தெருவுக்கும் ஒரு குறையும் வராது!"

என் பக்கத்தில் இருந்த பில்கிஸ் என் கையைப் பிடித்தாள். நான் இவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

நிசார் பாய் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து மைக் முன்னால் போனார்.

"சால்வை போட்டது நீங்கதானே?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"அப்ப இவங்க மேல உங்களுக்குப் புகார் ஒண்ணும் இல்லையே?"

"சார், அது சத்தத்த நிறுத்துனதுக்குப் போட்டது. வீட்ட எடுத்துக்கோங்கன்னு போடல."

யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். நிசார் பாயும், சபையில் மரியாதைக்காகச் சிரிப்பது போல, கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் சொல்ல வந்த பாக்கி எல்லாம் போய்விட்டது. பச்சை டைல்ஸ் போட்ட சமையலறையைப் பற்றி, ஒவ்வோர் அறையாகக் கட்டியதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இவர் எழுந்து விளக்கம் சொல்லப் போனார். அது ஒரு நாள் மரியாதை, மூன்று மணி நேரத்துக்காக, நாங்கள் அப்படித்தான் பேசுவோம் என்று என்னென்னவோ சொன்னார். நன்றியுரையில் அருவி மாதிரி கொட்டுகிறவருக்கு அன்றைக்கு நாக்கு குழறியது. நேரமாகிறது என்று உட்காரச் சொன்னார்கள். காசிநாதன் மேடை ஓரத்தில் தலையைக் குனிந்தபடி இருந்தார். அவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெரும்பாலோர் ஒத்துழைப்புத் தருகிறார்கள் என்று முடிவில் எழுதினார்களாம். வீடியோ இல்லாமல் இருந்திருந்தால் மட்டும் வேறு மாதிரி எழுதியிருப்பார்களா என்று நான் இவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது யாருக்குத் தெரியும்? தெரியாததுதான் இவரை அரிக்கிறது. நாலைந்து மாதத்தில் கடைசி வரிசையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

அதற்குள் இவர் நிசார் பாய் முகத்தில் விழிப்பதை விட்டுவிட்டார். சாயங்காலம் அவர் வரும் நேரத்துக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார், மாடியில் வேலை இருக்கிறது என்பார். பாய் இரண்டு மூன்று தடவை வந்து, நான் போட்ட டீயைத் தனியாகக் குடித்துவிட்டுப் போனார். பிறகு அவரும் வரவில்லை. "பொம்பள மாதிரி ஒளிஞ்சிக்கிறீங்களே" என்று ஒருநாள் கத்திவிட்டேன். நான் அறிந்து எந்தப் பொம்பளையும் அப்படி ஒளிந்ததில்லை என்று பிறகுதான் தோன்றியது.

அவர்கள் காலி செய்கிற அன்று நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இவரைக் கூட்டிப் போனேன். மேல்விஷாரத்தில் பில்கிஸின் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் பார்த்திருந்தார்கள். லாரியில் சாமான் ஏறிவிட்டது. காலி வீட்டுக்குள் பில்கிஸ் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பினாயில் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பில்கிஸ் இது? இடிக்கப் போறாங்களே" என்றேன்.

"தெரியும் சிஸ்டர். வர்றவங்க உள்ள வந்து பாப்பாங்கல்ல? இவங்க வீட்ட இப்படியா வெச்சிருந்தாங்கன்னு பேசக்கூடாது" என்றாள். பச்சை டைல்ஸை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன்.

வாசலில் இவர் நிசார் பாய் முன்னால் போய் நின்றார்.

"திட்டுங்க பாய். நாலு வார்த்த நல்லா திட்டிட்டுப் போங்க."

நிசார் பாய் லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோவம் இல்லன்னு சொன்னா பொய் சார். ஜாஸ்தியாவே இருக்கு. உங்க மேலயும் இருக்கு, என் மேலயும் இருக்கு. ஆனா அத இப்ப வாய்விட்டு சொல்லிட்டேன்னா, நாளைக்கி அங்கேருந்து எந்த மூஞ்ச வெச்சிக்கினு உங்களுக்கு போன் பண்ணுவேன்? எனக்கு மேல்விஷாரத்துல மச்சான உட்டா யாரத் தெரியும், சொல்லுங்க?"

இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பில்கிஸ் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினாள்.

இப்போது ஓடுபாதை நீண்டுவிட்டது. பெரிய விமானம் வந்தால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் ஆடுகின்றன. குழு கூடுவதில்லை. சர்ச்சில் இவரை நன்றியுரைக்குக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுகிறார். நிசார் பாய் இதுவரை போன் பண்ணவில்லை. நீங்களே பண்ணுங்கள் என்று நான் சொன்னால், பாய்தான் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார் என்கிறார்.

ஒவ்வொரு விமானமும் கடந்து போனதும், அந்தச் சத்தத்தில் மணி அடித்தது கேட்காமல் போயிருக்குமோ என்று போனை எடுத்துப் பார்க்கிறார். ஒன்றும் இருக்காது. வைத்துவிட்டு அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருக்கிறார்.