கேற் லைற்றும் ஐயாத்துரையின் நரம்பும்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் புளியங்கூடலுக்கு வந்து சேர்ந்த ஐயாத்துரை, தன் வீட்டு இரும்புக் கேற்றைத் தொட்டதும் இரண்டடி பின்னால் துள்ளினார். காலில் செருப்பில்லை. கையிலிருந்த ஒரே பை கீழே விழுந்தது.

"நரம்பு," என்றார், உள்ளே நின்ற மனைவி மனோகரியிடம். "அண்டைக்குத் தொடங்கினது. இன்னும் விடேல்லை."

அது நரம்பில்லை, கறண்ட் என்று மனோகரிக்குத் தெரியும். பதினொரு வருடங்களுக்கு முன் லீவில் வந்தபோது ஐயாத்துரை தன் கையாலேயே வயர் இழுத்து வளவுக்கு மூன்று லைற் போட்டார். கேற்றுத் தூணில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, மாட்டுக் கொட்டிலில் ஒன்று. வயர் குசினிச் சுவரில் தொடங்கி, முருங்கையில் ஏறி, வேலியோடு ஓடி, கேற்றின் இரும்புத் தூணுக்குள் இறங்கியது. மூன்றும் ஒன்றாக எரிந்த அன்று, ஊரில் ஒருவருக்கும் இப்படி இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கொழும்புக்குப் பஸ் ஏறினார். லைற்றுகளோடு குடும்பம் நடத்தியது மனோகரிதான்.

நாலாவது மாரியில் கேற் கடிக்கத் தொடங்கியது. கடிதம் எழுதினாள். ஈரக்கையோடு தொட வேண்டாம் என்று பதில் வந்தது. அவள் அதன்பிறகு கையாலேயே தொடவில்லை. காய்ந்த பூவரசந் தடியால் தள்ளினாள். சுவிட்சை நிற்பாட்டினாலும் கடித்தது. தபால்காரர் மணியடித்துவிட்டு வேலிக்கு மேலால் கடிதத்தை எறிந்தார். அயல்வீட்டு ஞானசவுந்தரி வேலியில் ஆள் நுழையுமளவு ஒரு பொட்டுப் பிரித்து அதற்குள்ளால் வந்து போனாள். மாடும் அந்தப் பொட்டாலேயே மேயப் போய் வந்தது. ஐயாத்துரை லீவில் வரும் நாளில் மட்டும் மனோகரி விடியவே கேற்றைத் திறந்து வைத்துவிடுவாள். இந்த முறை அவர் சொல்லாமல் வந்துவிட்டார்.

சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் தூணில் இருந்த பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதாவது மிஞ்சிக் கிடக்கு," என்றார்.

மனோகரி தடியால் கேற்றைத் தள்ளினாள். "வாங்கோ, சாப்பிடுவம்."

அடுத்த கிழமையே ஐயாத்துரை ஊர்காவற்றுறைக்குப் போய் டொக்டரிடம் நரம்புக்குக் குளிசை வாங்கினார். மனோகரி ஒரு சோடி றப்பர்ச் செருப்பு வாங்கினாள்.

"சொந்த வளவுக்குள்ள ஏன் செருப்பு?"

"முள்ளுக் கிடக்கு."

செருப்புப் போட்டபின் கேற் கடிப்பது நின்றது. ஐயாத்துரை டொக்டரைப் புகழ்ந்தார். அவருக்கு இருந்த மற்றக் கவலை, ஒருவரும் கேற்றால் வருவதில்லை என்பது. "ஓடி வந்தவன் எண்டு சனம் ஒதுக்குது," என்றார். பொட்டுக்குள்ளால் கறிச்சட்டியோடு வந்த ஞானசவுந்தரி மனோகரியைப் பார்த்தாள். மனோகரி சட்டியைப் பார்த்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு காலை தபால்காரரின் மணி கேட்டது. ஐயாத்துரை தன் சம்பளத்தைப் பற்றிக் கொழும்புக் கந்தோரிலிருந்து கடிதம் வருமென்று காத்திருந்தவர். செருப்பை மறந்து ஓடினார். ஈரக் கேற்றை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. வாயிலிருந்து வந்தது சொல்லாக இல்லை.

மனோகரி அவரிடம் ஓடவில்லை. வீட்டுக்குள் ஓடினாள். மெயின் சுவிட்சை இழுத்து நிற்பாட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் மழைவெள்ளத்துக்குள் குந்தியிருந்தார். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. உயிர் இருந்தது.

"நான் கத்துறன், நீர் உள்ளுக்கு ஓடுறீர்."

"மெயினை நிப்பாட்ட ஓடினனான்."

"ஏன்?"

மனோகரி அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். வெள்ளத்துக்குள்ளேயே இருந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். தடி, பொட்டு, தபால்காரர், செருப்பு, மாடு.

"மாட்டுக்கும் தெரியுமோ?"

"ஓம். அதுக்குத்தான் முதல்ல தெரியும்."

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கேன் சொல்லேல்லை?"

"இதாவது மிஞ்சிக் கிடக்கு எண்டு சொன்னியள். பிறகு என்னெண்டு சொல்லுறது? என்ர பிழைதான். இண்டைக்கு உங்களைச் சாகக் குடுத்திருப்பன்."

அழுதாள். கடிதம் பக்கத்தில் நனைந்துகொண்டு கிடந்தது.

மறுநாள் சரவணையிலிருந்து வயர்மன் மார்க்கண்டு வந்தார். மெயின் நின்றபடியே கிடக்க, ஏணி வைத்து ஒவ்வொரு பொருத்தாக அவிழ்த்தார். வயரின் றப்பர் வெடித்து உதிர்ந்தது. பொருத்துகளில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"சுவிட்சை மாறிப் போட்டிருக்கு, அண்ணை. நிப்பாட்டி லைற் நூந்தாலும் வயருக்குள்ள கறண்ட் நிக்கும். ஆர் இந்த வேலை செய்தது?"

மனோகரி முருங்கையைப் பார்த்தாள்.

"நான்," என்றார் ஐயாத்துரை.

மார்க்கண்டு பிளாஸ்டரை இன்னொருமுறை பார்த்தார். "நல்ல இறுக்கமாச் சுத்தியிருக்கிறியள்."

நாலு நாள் வேலை. பழைய வயர் முழுவதும் கழன்றது. புதியது குழாய்க்குள் போனது. கிணற்றடியில் மண்ணுக்குள் கம்பி அடித்து ஏர்த் இறக்கினார். கொட்டிலுக்கு லைற் வேண்டாம், மாடு நித்திரை கொள்ளட்டும் என்று ஐயாத்துரையே சொன்னார். எல்லாம் முடிந்ததும் மார்க்கண்டு கறண்ட் பார்க்கும் ரெஸ்ரரைக் கேற்றில் வைத்தார். அது எரியவில்லை.

"இப்ப பிடியுங்கோ, அண்ணை."

ஐயாத்துரை பிடித்தார். கை நடுங்கியது.

மார்க்கண்டு மறுபடி ரெஸ்ரரை வைத்தார். எரியவில்லை. மனோகரி தன் கையை ஐயாத்துரையின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரும்பு வெறும் இரும்பாகக் குளிர்ந்திருந்தது. அவர் கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"கறண்ட் இல்லை," என்றாள்.

"தெரியுது."

மார்க்கண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய், அங்கே ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றார்.

"அண்டைக்குக் கொழும்பில, வெள்ளவத்தையில," ஐயாத்துரை கேற்றைப் பார்த்தபடி சொன்னார், "மேல்வீட்டுத் தண்ணித் தாங்கிக்குள்ள ஒளிச்சிருந்தனான். விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரைக்கும். கீழ கேற்றைப் பிடிச்சு உலுப்பினாங்கள். இதேமாதிரிக் கேற்."

இந்த மூன்று மாதத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. குளிசை வேலை செய்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்; எல்லாம் கறண்ட்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவர் மறுபடி ஊர்காவற்றுறைக்குப் போனார். இந்த முறை மனோகரியும் போனாள். டொக்டர் என்ன வருத்தம் என்று கேட்டார். ஐயாத்துரை பழக்கத்தில் "நரம்பு" என்று தொடங்கினார்.

"இல்லை," என்றாள் மனோகரி. "தண்ணித் தாங்கியைச் சொல்லுங்கோ."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். வெளியே மர வாங்குகளில் இருபது பேர் காத்திருந்தார்கள். ஐயாத்துரை கதிரையை முன்னுக்கு இழுத்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.