விசில் வந்தால் மட்டும்

பிள்ளைகள் அவளுக்குக் காட்டு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். நான்கு சுவருக்குள் செல்போனும் கையுமாகக் கிடந்த வாண்டுகளை வாரம் ஒரு நாள் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்க் காட்டில் இறக்கி, ஆளுக்கொரு மரம் கொடுத்து உட்கார வைப்பாள். ஒருவர் கண்ணில் இன்னொருவர் படக் கூடாது, பேசக் கூடாது. பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், அதுதான் பாடம். முடிந்ததும் வேன் பக்கமிருந்து விரலை மடித்து வாயில் வைத்து விசில் அடிப்பாள். ஒன்று நீளமாக, இரண்டு குட்டையாக. சத்தம் வந்த திசைக்குப் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் நடந்து வர வேண்டும்.

காட்டோரம் குடித்துவிட்டுத் திரிந்த யாரோ ஒருவன் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, இன்னொரு விதியும் வந்தது.

"யார் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் போகக் கூடாது. என் குரலே கேட்டாலும் சரி. விசில் வந்தா மட்டும்தான்."

சொன்னதோடு விடவில்லை. நடுநடுவே அவளே பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சோதிப்பாள். முதலில் பாதிப் பேர் எழுந்து வந்து அசடு வழிந்தார்கள். இப்போது ஒருவரும் ஏமாறுவதில்லை.

அக்கா மகள் இந்த வருடம்தான் சேர்ந்தாள். தொட்டதற்கெல்லாம் அழுவதால் வீட்டில் அவளுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர். அது தேய்ந்து சிணுங்கியாகி இருந்தது.

"நிழலப் பாத்தாலே பயப்படுறவடி இவ. இவளப் போய்த் தனியா உக்கார வைக்கிறேங்கிற?" என்று அக்கா வாசற்படியை விட்டு நகராமல் நின்றாள்.

"என்கிட்ட விட்டுட்டேல்ல அக்கா, இனிமே அவ என் பொறுப்பு" என்று வாய் நிறையச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

அன்று அவள் விசிலடிக்க விரலை வாயில் வைப்பதற்குள் விசில் கேட்டது. காட்டின் உள்ளிருந்து, மெல்லியதாக. ஒன்று நீளம், இரண்டு குட்டை.

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. போன வாரமே பார்த்துவிட்டாள், நீள வால் கரிச்சான் குருவி ஒன்று அவளுடைய விசிலை அப்படியே பழகி வைத்திருந்தது. கடைசி வகுப்பில் காட்டிப் பிள்ளைகளை அசத்தலாம் என்று யாரிடமும் சொல்லாமல் ஆசையாகப் பொத்தி வைத்திருந்தாள்.

பிறகுதான் திசை உறைத்தது. அந்தப் பக்கம் கல்லுடைத்துக் கைவிட்ட பழைய குழி இருந்தது. அடி தெரியாத தண்ணீர், விளிம்பு தெரியாதபடி புதர். விசில் அங்கிருந்து வந்ததே இல்லை என்பதால் பிள்ளைகளும் அங்கே போனதில்லை. அந்தத் திசையில் கடைசி மரம் சிணுங்கியுடையது.

ஓடினாள். மரத்தடியில் பை மட்டும் இருந்தது.

"சிணுங்கி! ஏய் சிணுங்கி!"

பதற்றத்தில் விரலை வாயில் வைத்துப் பலமாக ஒரு விசில் அடித்துவிட்டாள். உடனே குழிப் பக்கமிருந்து அதே விசில் அதைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. முள் கிழிப்பதைப் பொருட்படுத்தாமல் புதருக்குள் பாய்ந்தாள்.

குழந்தை கடைசிப் புதரை இரு கையாலும் விலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் தூக்கியபடி இருந்தது. சட்டையோடு சேர்த்துப் பிடித்து இழுத்ததில் இருவரும் மண்ணில் விழுந்தார்கள். உதிர்ந்த கல் ஒன்று தண்ணீரில் விழும் சத்தம் வெகு நேரம் கழித்துக் கேட்டது.

சிணுங்கி அழவில்லை. முகமெல்லாம் பெருமையாக இருந்தது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்கல்ல சித்தி, நான் ஏமாறவே இல்லையே! விசில் பக்கமே வந்தேன்."

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அப்போது தலைக்கு மேலே, குழியின் மேல் சாய்ந்திருந்த கிளையில் கரிச்சான் மறுபடி அடித்தது. தொண்டை திறந்து, காடு முழுக்கக் கேட்கும்படி.

பின்னால் சருகுகள் நொறுங்கின. இடப்பக்கம், வலப்பக்கம், தூரத்தில், பக்கத்தில். அவளுடைய விசிலுக்கே எழுந்துவிட்ட மற்றப் பிள்ளைகள் எல்லோரும், வாயைத் திறக்காமல், சொல்லிக் கொடுத்தபடியே நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"நில்லுங்க! வராதீங்க! டீச்சர்தான் சொல்றேன், நில்லுங்க!"

புதருக்கு அப்பால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது. சோதனை என்று நினைத்துவிட்டார்கள். விரல் தானாக வாய்க்குப் போனது; இங்கிருந்து அடித்தால் இங்கேதான் வருவார்கள் என்று பாதியில் இறக்கினாள்.

சிணுங்கியை ஒரு மரத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, விளிம்பில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். விளிம்பு இரு பக்கமும் புதருக்குள் நீண்டு போனது.

பறவை மறுபடி அடித்தது. காலடிகள் வேகம் பிடித்தன.