குறையாத தண்ணீர்

மெக்கானிக் அரிகிருஷ்ணன் என் வண்டியின் கூலன்ட் பாட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினான். விரலில் கேழ்வரகுக் கூழ் மாதிரி ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது. "இன்னாண்ணே இது, வண்டியா, மாட்டுக்குக் கழனி வைக்கிற தொட்டியா?" என்றான். மூலக்குளத்தில் இருக்கும் அவன் ஷெட்டுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் போகிறேன். கை சுத்தமான வேலைக்காரன், வாய்தான் சும்மா இருக்காது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கம்பெனி ஆட்களைச் சேதராப்பட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. நிறுத்தி நிறுத்தி, கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பகல் பன்னிரண்டரைக்கு என் மனைவி சுமலதாவைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குச் சேர்க்க வேண்டும். அவளுக்குக் கிட்னி இரண்டும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போகும்போது எப்படியோ உட்கார்ந்து வந்துவிடுவாள். திரும்பும்போது பின்சீட்டில் படுத்துக்கொண்டுதான் வருவாள்.

"ஆயிலும் தண்ணியும் ஒண்ணாப் பூந்துடுச்சி. ஹெட்டு போயிருந்தா இஞ்சின எறக்கணும். ஆயில் கூலர் மட்டும்னா நீ தப்பிச்ச. எப்டியும் சனிக்கெழம ஆயிடும்" என்றான்.

"மேலுக்குப் பசை கிசை தடவி ஓட்ட முடியாதா?"

"உள்ள இருக்கிற ஓட்டைக்கு வெளிய தடவி இன்னா பிரயோசனம்?"

செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் போனோம். முதலியார்பேட்டையிலிருந்து கதிர்காமம் வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரியில் எடை மெஷினில் ஏறி நின்றதும் நர்சம்மா முகம் மாறிவிட்டது. போன தடவை வீட்டுக்கு அனுப்பியபோது இருந்ததைவிட நாலு கிலோ கூட. அத்தனையும் தண்ணீர். உடம்பை விட்டு வெளியே போக வழியில்லாத தண்ணீர் காலில் தேங்கும், முகத்தில் தேங்கும், கடைசியில் நுரையீரலில் போய் நிற்கும். "இப்டியே வந்தீங்கன்னா ஒருநாள் வீட்லயே மூச்சு நின்னுடும்மா. அப்புறம் எங்களச் சொல்லாதீங்க" என்றார் நர்சம்மா. சுமலதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் விட்டேனா? வராந்தாவில் நாலு பேர் பார்க்க, வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டுக் காலையில் நானே நிரப்பி வைக்கிறேன். காபி, குழம்பு, மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். சாயங்காலம் வந்து பார்த்தால் கணக்கு பிசகியிருக்காது. ஆனால் எடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. குழாயில் வாய் வைத்துக் குடிக்கிறாள் என்று நினைத்தேன். போன மாசம் நான் வேலைக்குப் போகும்போது சமையல்கட்டுக் குழாயின் திருகைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது ஏதோ சாதித்துவிட்டது போல இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அரி போன் பண்ணி வரச் சொன்னான். ஆயில் கூலரைக் கழற்றிப் பலகைமேல் வைத்திருந்தான். டிபன் டப்பா அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி. உள்ளே தகடு தகடாக அடுக்கி, ஒரு வழியில் எண்ணெயும் இன்னொரு வழியில் தண்ணீரும் ஓடும். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல், எண்ணெயின் சூட்டைத் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தகட்டில் உப்புப் பூத்து, பூத்த இடத்தில் குண்டூசி நுழைகிற மாதிரி மூன்று ஓட்டைகள்.

"போர் தண்ணி ஊத்தியிருக்கீங்க. சோத்துல கல்லு மாதிரி உப்பு நிக்கிது பாரு."

"அடப் போடா. நான் கூலன்ட் தவிர ஒரு சொட்டு ஊத்துனதில்ல. ஊத்தவே தேவைப்படல. ரெண்டு வருஷமா பாட்டில்ல அளவு குறையவே இல்ல, தெரியுமா?" என்றேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. மற்ற டிரைவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அரி பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டி. குறையாம எப்டிண்ணே இருக்கும்? உனக்குத் தெரியாம யாரோ ஊத்திக்கினு இருக்காங்க."

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் அப்பா பக்கிரி காலை ஐந்து மணிக்கே எழுந்து வண்டியைத் துடைப்பார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவருக்கு வேலை என்று இருந்தது அது ஒன்றுதான். துடைக்கட்டும், கை கால் ஓடினால் நல்லது என்று நானும் விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது வாசலில், வண்டி நிற்கும் காலி இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"யப்பா, வண்டியில தண்ணி ஊத்துனியா?"

"குறையிறப்பல்லாம் ஊத்துவேன்" என்றார், கேட்டதற்குச் சந்தோஷப்பட்டவராக. "அந்தக் கலர் தண்ணி எங்க இருக்கோ, யாருக்குத் தெரியும்? நம்ம போர் தண்ணிதான். நாளெல்லாம் ஓடிட்டு வருது, பாவம். தவிச்ச வாய்க்குத் தண்ணி இல்லன்னு சொல்லலாமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெத்த தகப்பன் என்றுகூடப் பார்க்காமல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், பாதியில் நின்றுவிட்டேன். தவிச்ச வாய் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. அவர் கையில் இருந்த துடைப்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "வேற யாருக்குக் குடுத்த?" என்று கேட்டேன்.

அப்பா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சுமலதா வந்தாள். முகம் அதைத்து, கண் இரண்டும் கோடாக இருந்தன. "மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் கேட்டேன்."

"என்னக் கேக்க வேண்டியதுதான?"

"உங்களக் கேட்டா பாட்டிலக் காட்டுவீங்க. மாமா சொம்பக் குடுப்பாரு."

"உங்கம்மா சாவுறப்ப தண்ணி கேட்டா" என்றார் அப்பா. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "ஆபரேசனுக்கு முந்தி குடுக்கக் கூடாதுன்னாங்க. நீயும் நானும் பஞ்ச நனைச்சி உதட்டத் தொடச்சோம். அந்தப் பஞ்ச அவ உறிஞ்சுனா. விட மாட்டன்னுட்டா. நாந்தான் இழுத்தேன். ஆபரேசனும் நடக்கல, ஒண்ணும் நடக்கல. தாகத்தோட போயிட்டா. இந்தப் பொண்ணு வந்து மாமான்னு கைய நீட்டுது. நான் இன்னாடா பண்ணுவேன்?"

"அதுக்கு? இவளையும் அனுப்பி வைக்கப் போறியா? வண்டியத் தொலைச்ச மாதிரி இவளையும் தொலைச்சிட்டு நிம்மதியா உக்காரு!"

சொல்லிவிட்டேன். கொட்டின சொல்லை அள்ள முடியுமா? அப்பா தரையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். வெள்ளிக்கிழமை அவர் சோற்றுத் தட்டைத் தொடவில்லை. சுமலதாவுக்கு வியாழக்கிழமை பாதியிலேயே பிரஷர் இறங்கி மெஷினை நிறுத்திவிட்டதால், தண்ணீர் முழுதும் எடுபடவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அவளால் படுக்க முடியவில்லை. மூன்று தலையணையை அடுக்கி அதில் சாய்ந்துகொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் அடுத்த அறைக்கும் கேட்டது. கோட்டுக்கு மேலே ஒரு மடக்கு கொடுக்க எனக்கும் கை வந்தது. பாட்டிலை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் வண்டி வந்தது. அரி புதுக் கூலர் போட்டு, சோப்புத் தண்ணியை நாலு தடவை ஓட விட்டுக் கழுவி, ரோஸ் நிறக் கூலன்ட் ஊற்றியிருந்தான். "இனிமே குறைஞ்சா குறையட்டும். எங்கிட்ட வா. யாரும் கைய வைக்காதீங்க" என்றான். பதினொன்றரைக்கு சுமலதாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் சுற்றி வருவதற்குள், அந்தப் பக்கக் கதவைத் திறந்து அப்பா அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். அம்மா இறந்த பிறகு ஆஸ்பத்திரி வாசலை அவர் மிதித்ததே இல்லை, வருஷம் பன்னிரண்டு ஆகிறது. நான் வண்டியை எடுத்தேன்.

மே மாத வெயில். நெல்லித்தோப்பு சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஓரத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். துண்டு போட்ட ஒருவர் நிற்கிற வண்டிக்கெல்லாம் ஓடி ஓடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்சீட்டுக் கதவின் கண்ணாடி இறங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூச்சு முட்டுகிறது என்று அவள்தான் இறக்கியிருப்பாள். "எடுத்துக்கம்மா, பானைத் தண்ணி, ஜில்லுனு இருக்கும்" என்று ஒரு பேப்பர் டம்ளரை அவள் கையில் வைத்துவிட்டு அந்த மனுஷர் அடுத்த வண்டிக்கு ஓடிவிட்டார். தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்தாள். உதடு விளிம்பைத் தொட இரண்டு விரல்கடை இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாக நூறு தடவை சொன்னவன்தான். அன்றைக்கு அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கையை நீட்டி டம்ளரை அவளிடமிருந்து வாங்கினார். பிடுங்கவில்லை. அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வாங்கினார். "மாமா" என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன். அவர் அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றவில்லை. கொடுத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது என்பார். குடிக்கவும் இல்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கதிர்காமம் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது தளும்பித் தளும்பி அவர் வேட்டியில் சிந்தியது. சுமலதா அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.