பெட்டியில் இருந்த கடைசி அளவு

...பெரிதுதான், எப்படித் திருப்பி வைத்தாலும் பெரிதுதான், இது என்ன துணியா, ஓரத்தை மடித்துத் தைத்துவிட... கால் பெருவிரலுக்குப் பின்னால் இரண்டாக உடைந்து கிடந்த எலும்பின்மேல் தகட்டை வைத்துப் பிடித்தபடி எலும்பு டாக்டர் நின்றாள். தகட்டின் ஓரம் எலும்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கும் சின்னது?" என்றாள். "பெட்டியில இதுதான் மேடம் கடைசி" என்றாள் எதிரே நின்ற நர்ஸ். கடைசி... யாருக்குக் கடைசி? படிக்கிற காலத்தில் துளை போட்டுப் பழகக் கையில் கொடுத்தார்களே பிளாஸ்டிக் எலும்பு, அது எந்த மகராசனின் காலோ, தகடு அதன்மேல் கச்சிதமாகப் போய் உட்காரும். ஆம்பிளைக் காலைக் கொஞ்சம் சுருக்கினால் பொம்பளைக் கால் என்று எவரோ முடிவு கட்டிவிட்டார், எலும்பின் வளைவே வேறு என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது...

போட்டுவிடலாம். எலும்பு சேர்ந்துவிடும், எக்ஸ்ரே பளிச்சென்று வரும், யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். கால் முறிந்த அக்காவுக்கும் வேறொரு டாக்டர் அப்படித்தானே பெரிய தகட்டைப் போட்டார்... "ஒரே உறுத்தலா இருக்குடி" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் இவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா சேர்ந்திருக்குக்கா, பழகிடும்" என்பாள். அப்புறம் அக்கா சொல்வதையே நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்றுதான் இவள் நினைத்தாள்... நினைத்தாளா, இல்லை, அப்பாடா என்று விட்டுவிட்டாளா?

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போய், திரைக்கு அந்தப் பக்கம் விழித்துக் கிடந்த பஸ் கண்டக்டரம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. "என் சைஸ் கிடைக்கலையா டாக்டர்? செருப்புக் கடையிலயும் இதே கதைதான், சின்னப் பிள்ளைங்க பக்கம் போங்கம்மான்னு அனுப்பிடுவாங்க." நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க ஷூவோடு நின்றே பிழைக்கிற கால், பஸ் குலுங்கும்போதெல்லாம் இந்த ஓரத்தில் போய் அழுத்துமே... தகட்டை விட்டுவிட்டுக் கம்பி கோத்து மாவுக்கட்டுப் போடலாம், ஆனால் வேலைக்குப் போக இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும். உள்ளதை உள்ளபடி அவளிடமே சொன்னாள். "ஒரு மாசமா..." என்று திரைக்குப் பின்னால் இழுத்தது குரல். "தகடு வெச்சா ஷூ போட முடியாதா?"

"போடலாம். உறுத்தும்."

"எவ்வளவு உறுத்தும் டாக்டர்?"

எவ்வளவு... 'பழகிடும்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அக்கா ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருவாள், அது எந்தக் கால்? செருப்பின் வாரை ஒரு பக்கம் மட்டும் வெட்டி வைத்திருந்தாளே, ஏன் என்று கேட்டோமா? "தெரியலம்மா" என்றாள் டாக்டர். "அப்ப கம்பியே போட்டுடுங்க" என்றாள் கண்டக்டரம்மா. நர்ஸ் தகட்டை வாங்கி வைத்துவிட்டுக் கம்பியை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அந்தச் சின்ன எலும்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்... அக்காவின் எக்ஸ்ரேயை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், அந்தக் காலை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை.