ஆறு மணி நேரக் கெடு

அலுவலகத்தில் அவளுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். வாசலைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். ஒரு மின்னஞ்சலை அனுப்புவதற்குள் நாலு தடவை படிப்பாள். அந்தப் பெயரை வைத்ததே அவளுடைய கொழுந்தன்தான். கணவனின் தம்பியான அவன் மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் சொல்லித்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தான், அவளுக்குப் பக்கத்து மேஜையிலேயே.

அவர்கள் வேலை, பதினொரு மருத்துவமனைகளின் ஆய்வகங்களிலிருந்து வரும் இரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவர்களின் திரைக்குக் கொண்டு சேர்ப்பது. முடிவுகள் நேரே போய்விடாது. எங்கோ வாடகைக்கு எடுத்திருக்கும் மூன்று சர்வர்கள் சேர்ந்த ஒரு கிளஸ்டரில் வரிசை கட்டி நிற்கும். ஒரு புரோகிராம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கும்.

அன்று காலை பத்து இருபதுக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. விடிந்ததிலிருந்து ஒரு முடிவுகூட மருத்துவர்களுக்குப் போகவில்லையாம்.

கொழுந்தன் காரணத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். எடுத்துக் கொடுக்கும் புரோகிராமின் பாஸ்வேர்டு காலாவதியாகி, அதிகாலை ஐந்து பத்துக்கே அது படுத்துவிட்டது. புதிய பாஸ்வேர்டை மருத்துவமனை தரப்பில்தான் கொடுக்க வேண்டும். அதற்கான ஆள் வந்து சேர பன்னிரண்டு மணியாகும்.

"வரட்டும் அண்ணி, அவசரம் இல்ல. வரிசையில மூணு நாள் வரைக்கும் பத்திரமா இருக்குமே. வழி திறந்தா எல்லாம் மடமடன்னு போயிடும்" என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஆனாலும் பூட்டு பூட்டுதானே. அவள் கிளஸ்டரின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். செய்திகளை வைத்திருக்கும் காலம் என்ற வரியில் கண் நின்றது. எழுபத்திரண்டு மணி நேரம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு மணி நேரம் என்று இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து பத்துக்கு வந்து நின்ற முடிவு, பதினொன்று பத்துக்கு அழிந்துவிடும். அதன் பின்னால் வந்தவையும் வந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாக அழியும். ஆய்வகத்துக் கருவியோ, முடிவை அனுப்பிய கையோடு தன்னிடம் இருப்பதைத் துடைத்துவிடும். மறுபடி எங்கிருந்தும் எடுக்க முடியாது. மணி பத்து நாற்பத்தொன்று.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேலாளர் கையில் பேனாவோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"யார் மாத்தினது இதை?"

"அதை அப்புறம் பார்க்கலாம் சார். முதல்ல பழையபடி எழுபத்திரண்டு போட்டுடறேன்."

"இருங்க. டிஸ்க் நிறையுதுன்னு யாராவது வேணும்னே குறைச்சிருந்தா? ஏத்தி வச்சு டிஸ்க் ரொம்பிடுச்சுன்னா புது முடிவும் உள்ள வராது. ஏன் மாத்தினாங்கன்னு தெரியாம யாரையும் கை வைக்க விடமாட்டேன்."

அவரே மாற்றங்களின் பட்டியலைத் திறந்தார். முந்தாநாள் மதியம் மூன்று நாற்பத்திரண்டு. மாற்றியவர் என்ற இடத்தில் கொழுந்தனின் பெயர்.

"எதுக்குக் குறைச்சே?" என்றார் மேலாளர்.

"நானா?" அவன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். "சார், சத்தியமா நான் இந்தப் பக்கத்தையே திறக்கல."

"உன் பேருதானே இருக்கு? உன் பாஸ்வேர்டு தானா போய் மாத்திக்கிச்சா?"

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தாநாள் மதியம் அவளுடைய கணினி அப்டேட் ஆகிக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்தது. கொழுந்தன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, புது மாற்றங்களை முதலில் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் கிளஸ்டரில் காலத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்தாள். சோதனைக் கிளஸ்டர் என்றுதான் நினைத்தாள். இரண்டு கிளஸ்டர்களின் பக்கங்களும் அக்கா தங்கை மாதிரி ஒரே சாயலில், அடுத்தடுத்து திறந்து கிடந்தன.

வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு தப்புகூடச் செய்யாதவள் என்ற பேர், அடுத்த மாதம் வரப்போகும் பதவி உயர்வு, வீட்டில் கணவனின் முகம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மேலாளர் கொழுந்தனைக் குடைந்துகொண்டிருந்தார். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன். நான் அப்படிச் செய்வேனா?"

"அவன் இல்ல சார்" என்றாள். "நான்தான். அவன் கணினியில உட்கார்ந்து மாத்தினேன். சோதனைக் கிளஸ்டர்னு நினைச்சுட்டேன். டிஸ்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மேலாளர் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"இப்போ இதைத் திருத்தறதையும் அதே கையிலயே குடுக்கச் சொல்றீங்களா?" என்றார் மேலாளர்.

"அண்ணியே உட்காரட்டும் சார். அவங்களுக்குத்தான் வேகமா வரும்" என்றான் கொழுந்தன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிக்கிறேன்."

அவன் கிளஸ்டரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். டிஸ்க் எழுபது சதவீதம்தான் நிறைந்திருந்தது, இடமிருக்கிறது. அவள் 'திருத்து' என்பதை அழுத்தினாள். ஆறை அழித்து எழுபத்திரண்டு என்று போட்டாள். அவன் எண்ணைப் படித்தான், மேலாளர் தலையாட்டினார், அவள் சேமித்தாள். பத்து நாற்பத்தொன்பது.

ஆனால் சேமித்தவுடன் எல்லாம் மாறிவிடாது. மூன்று சர்வர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, புதிய எண்ணோடு மறுபடி எழ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிஷம். முடிவுகளும் மூன்றிலும் பங்கு போட்டு நின்றன; எழாத சர்வரில் பழைய ஆறு மணி நேரக் கெடுவே ஓடும். நடுவில் ஒன்றும் செய்வதற்கில்லை. திரையில் 'மாற்றம் நடைபெறுகிறது' என்ற வரியையே மூன்று பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் சர்வர் பத்து ஐம்பத்தேழுக்கு எழுந்தது. இரண்டாவது பதினொன்று ஐந்துக்கு.

"மூணாவது பதினொண்ணு பதிமூணுக்குத்தான் வரும்" என்றான் கொழுந்தன்.

பதினொன்று பத்து ஆனது. அவள் நகத்தைக் கடித்தாள், பிறகு கடிப்பதை உணர்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். பதினொன்று பதிமூன்றுக்கு மூன்றாவது சர்வரும் பச்சையானது. எண்ணிப் பார்த்தார்கள். வந்து சேர்ந்த கணக்குப்படி ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முடிவுகள் நிற்க வேண்டும். ஆயிரத்து நூற்றெட்டு இருந்தன.

நாலு போய்விட்டன.

பன்னிரண்டு மணிக்குப் புதிய பாஸ்வேர்டு வந்து, வரிசை மளமளவென்று காலியானது. ஆய்வகத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டு அந்த நாலு பேர் யார் என்று கண்டுபிடித்தார்கள். மூன்று பேர் பெரியவர்கள். ஒன்று, பிறந்து இரண்டே நாளான குழந்தை. மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை.

"நான் பேசறேன்" என்று மேலாளர் போனை எடுத்தார். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சிஸ்டர், குழந்தையோட காலை ரத்தப் பரிசோதனை முடிவு எங்க தப்பால அழிஞ்சு போச்சு. மறுபடி எடுக்கணும். மன்னிச்சுடுங்க."

மறுமுனையில் செவிலியர் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. "மறுபடியும் குதிகால்ல குத்தணும்மா. அந்தத் தாய்க்கு நான் என்ன சொல்ல? குழந்தை இப்பதான் அழுது ஓய்ஞ்சு தூங்குது."

"என் பேரைச் சொல்லுங்க, சிஸ்டர்" என்று தன் முழுப்பெயரைச் சொன்னாள்.

இரண்டு மணிக்கு அந்தச் செவிலியரே கூப்பிட்டார். காமாலை அளவு கொஞ்சம் அதிகம்தானாம். குழந்தையைக் காமாலையைக் குறைக்கும் நீல விளக்கின் கீழ் படுக்க வைத்துவிட்டார்களாம், பயப்பட ஒன்றுமில்லையாம். அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். அமைப்புகளைத் திருத்தும் உரிமை அவளுக்கு மூன்று மாதம் கிடையாது. பார்க்க மட்டும் செய்யலாம். பதவி உயர்வு பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் கொழுந்தன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தான்.

நாலு நிறுத்தம் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள். "அவர் உன்னைக் கேட்க ஆரம்பிச்சப்பவே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஆனாலும் மூணு, நாலு நிமிஷம் பேசாம நின்னேன்."

"தெரியும். உங்க முகத்தைப் பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருந்தா மூணாவது சர்வர் பதினொண்ணு பத்துக்குள்ள எழுந்திருக்கும். அந்த நாலும் போயிருக்காது."

அவன் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. போட்டு முடித்ததும் தெரிந்தது.

"ஏன் அண்ணி?"

"பயம்டா. வேற ஒண்ணும் இல்ல. உன் தலையில விழுந்தா விழட்டும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்."

பேருந்து ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லமாட்டேன்" என்றான் கடைசியில்.

"வேணாம். நானே சொல்றேன்."

"எனக்குக் கோபம் இன்னும் போகல, அதையும் சொல்லிடறேன்."

"சரி" என்றாள் அவள்.

இறங்கும் இடம் வந்தது. அவன் முன்னால் எழுந்து, கூட்டத்தை விலக்கி வழி பண்ணி, அவள் இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.