சுவருக்குள் பிஷப்

மனைவியின் அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஆர்கிரிஸ் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. மாமியார் சாப்பிடக் கூப்பிட்டால் சரி. முடி வெட்டிக்கொள்ளச் சொன்னால் சரி. வேலை பார்க்கும் மின்நிலையத்தில் அடுத்தவனுடைய முறையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னாலும் சரி. மறுப்பதற்கு உள்ளே ஒரு விருப்பமாவது இருக்க வேண்டும். அவனிடம் அது இல்லை.

அதனால் ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை மாமியார் கலோமீரா சுண்ணாம்பு வாளியோடு வாசலில் வந்து நின்றபோதும் சரி என்றான்.

"போன வருஷம் துக்க வீடு, வெள்ளையடிக்கக் கூடாதுன்னு விட்டோம். இப்ப வருஷம் திரும்பிடுச்சு. இந்தத் தெருவுலயே உன் வீடு மட்டும் சொத்தைப் பல்லு மாதிரி நிக்குது, ஆர்கிரி."

"சரி, அத்தை."

"சரி சரின்னு தலையாட்டாம ஏணியை எடு."

கிழக்குச் சுவரில் புனித பரஸ்கேவியின் படம் மாட்டியிருந்தது. அதைக் கழற்றினான். பின்னால் ஒரு வெடிப்பு, விரல் நுழையும் அகலம், உத்தரம் வரை ஓடியது.

"மொதல்ல அதை அடை" என்றாள் கலோமீரா. "சிமெண்ட்டு வெச்சு நல்லா அழுத்து. சும்மா மேலாப்புல பூசாத."

மின்நிலையத்திலிருந்து கொண்டுவந்த சிமெண்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது. சீக்கிரம் இறுகும் வகை. குழைத்து அடைத்தான். வெள்ளையடித்தான். படத்தைத் திரும்ப மாட்டினான். கை கழுவினான்.

அந்த வெடிப்பு பிஷப்பின் வீடு. பிஷப் என்பது ஒரு பல்லி. பெயர் வைத்தவள் அவன் மனைவி மோஸ்கா. "புனிதை படத்துக்குப் பின்னால குடியிருக்காரு. சாயங்கால மணி அடிச்சா வெளிய வராரு. ஒரு வேலையும் செய்யாம சாப்பிடுறாரு. பிஷப்பைத் தவிர வேற யாரு?" என்பாள். படத்தின் முன்னால் அவள் ஏற்றும் எண்ணெய் விளக்குக்குப் பூச்சிகள் வரும். பூச்சிகளுக்காக அவர் வருவார். அவள் போன பிறகு விளக்கு ஏற்றப்படவில்லை. பிஷப் சமையலறை பல்புக்கு மாறிக்கொண்டார். ஆர்கிரிஸ் கீழே சாப்பிடுவான், அவர் மேலே சாப்பிடுவார். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்ளவில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டில் மூச்சு விட்டவர்கள் அவர்கள் இருவர்தான்.

பகலெல்லாம் அது வெடிப்புக்குள் தூங்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. சிமெண்ட்டை அழுத்திய நேரத்தில் அந்த அறிவு கைவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பல்பைச் சுற்றிப் பூச்சிகள் மட்டும் பறந்தன. மறுநாளும் அப்படியே. அண்ணாந்து பார்த்தான். குனிந்து சாப்பிட்டான்.

பெரிய வெள்ளியன்று காலையிலிருந்தே கோவில் மணி இழவு மணியாக, நிறுத்தி நிறுத்தி அடித்துக்கொண்டிருந்தது. மதியம் கோவிலில் ஆணி பிடுங்கி, ஆண்டவரின் உருவத்தைச் சிலுவையிலிருந்து இறக்கினார்கள். பூசை முடிந்து கலோமீரா நேரே அவன் வீட்டுக்கு வந்து, வெள்ளிக்கிழமைதோறும் வைப்பது போலத் துவரை நிறத்துப் பயறு வேகவைத்தாள். எண்ணெய் கிடையாது. தட்டில் போட்டு, வினிகரைச் சாய்த்து ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

முதல் கரண்டியை வாயில் வைத்தபோது சத்தம் கேட்டது. நகத்தால் காகிதத்தைச் சுரண்டுவது போல. பிறகு மெல்லிய ஒரு கீச்சு. கிழக்குச் சுவரிலிருந்து.

"எலி" என்றாள் கலோமீரா, அவன் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

அவன் எழுந்து போய்ப் படத்தைக் கழற்றி, சுவரில் காதை வைத்தான். சுரண்டல் நின்றது. திரும்பத் தொடங்கியது. சமையலறைக் கத்தியால் குத்திப் பார்த்தான். கத்திமுனை வளைந்தது. சிமெண்ட்டில் கீறல்கூட இல்லை. படிக்கட்டுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தான்.

"அதைக் கீழ வை" என்றாள் கலோமீரா.

பெரிய வெள்ளியன்று அவர்கள் வாழும் அந்தத் தீவில் யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள். அன்றைக்கு அடிக்கிற அடி சிலுவையில் இருக்கும் ஆண்டவர் கையில் விழும்.

"இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"திங்கக்கிழமை உடைச்சுக்கோ."

"அதுக்குள்ள செத்துரும்."

"பல்லிதானேடா!"

"முடியாது, அத்தை."

அந்தச் சொல் வெளியே வந்ததில் இருவருக்குமே திகைப்பு. கலோமீரா நாற்காலியில் உட்கார்ந்தாள். கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

"உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் பகல்ல அடைக்கச் சொன்னேன்."

அவன் சுத்தியலோடு நின்றான்.

"அந்தக் குளிர்காலம் இது பால் சட்டியில விழுந்துச்சே. எச்சில்ல விஷம், சட்டியோட தூக்கிப் போடுடின்னேன். மோஸ்கா சிரிச்சா. பிஷப் குளிச்ச தீர்த்தம்மான்னா. பாலை மட்டும் கொட்டிட்டு, சட்டியைக் கழுவி, அதுலயே எனக்குக் காபி போட்டா. அடுத்த மாசம் படுத்தா."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? ரத்தத்துல..."

"ரத்தத்துல. மறக்கல. ரத்தத்தை நான் எங்க போய் அடிப்பேன்? டாக்டரைச் சுவத்துக்குள்ள வெச்சுப் பூச முடியுமா? கைக்கு எட்டினது இது ஒண்ணுதான்."

மணி அடித்தது.

"அந்தச் சட்டியில நீங்களும் குடிச்சீங்க" என்றான் ஆர்கிரிஸ். "நானும் குடிச்சேன்."

"ம்." அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம்."

சுவருக்குள் கீச்சுச் சத்தம் வந்தது. இந்த முறை இன்னும் மெலிந்து.

கலோமீரா எழுந்தாள். கை நீட்டினாள். "கொண்டா."

"எதுக்கு?"

"உளியை நீ பிடி. அடியை நான் அடிக்கிறேன். பாவம்னா என் பேருல எழுதிக்கட்டும். ஆண்டவரோட அம்மா இன்னைக்கு என் பக்கம்தான் நிப்பா. பிள்ளையைப் பறிகொடுத்தவ அவளும்."

அவன் படத்தை மேஜைமேல் வைத்தான். அவள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். "நீ பாக்காத, தாயி" என்று அதனிடம் சொன்னாள்.

உளியை வெடிப்பின் கீழ்முனையில் வைத்தான். அவள் சுத்தியலை ஓங்கியபடியே நின்றாள்.

"அடிங்க."

"இரு. மணி வரட்டும்."

மணி விழுந்தது. கூடவே சுத்தியலும் விழுந்தது. பிறகு காத்திருந்தார்கள். அடுத்த மணி, அடுத்த அடி. அந்த மணிக்காரன் இவ்வளவு சோம்பேறியாக இருக்கிறானே என்று கலோமீரா முணுமுணுத்தாள். ஒரு அடி தவறி அவன் கட்டைவிரலில் பட்டது. கத்தினான்.

"சத்தம் போடாத. மணியோட சேர்ந்து கத்து."

அவன் மூக்கு வழியாக ஏதோ ஒலி வந்தது. சிரிப்பாக இருக்க வேண்டும். அவனுக்கே சந்தேகம்.

சிமெண்ட் ஓரத்தில் விண்டது. அடுத்த அடி மணியை முந்திவிட்டது.

சந்தில் செருப்புச் சத்தம் நின்றது. "கலோமீரா!" எதிர்வீட்டு ஜம்பெத்தாவின் குரல். "உங்க வீட்டுலயா ஆணி அடிக்கிறீங்க? இன்னைக்கா? வயசானா புத்தி கெட்டுப்போகுமா?"

கலோமீரா ஜன்னலை நோக்கிக் கத்தினாள். "அடிக்கலடி! பிடுங்குறோம்! இன்னைக்குப் பிடுங்குற நாளுதானே!"

பிறகு செருப்புச் சத்தம் நகர்ந்தது.

கையளவு சிமெண்ட் பெயர்ந்து, சுண்ணாம்புத் தூளோடு தரையில் விழுந்தது. ஆர்கிரிஸ் உளியை விட்டான். துவாரம் கறுப்பாக இருந்தது. ஒன்றும் வரவில்லை. அவன் முகத்தை அருகில் கொண்டுபோனான்.

முதலில் ஒரு விரல் வெளிப்பட்டது. பிறகு தலை. மாவில் புரட்டி எடுத்தது போல உடம்பெல்லாம் வெள்ளை. வால் பாதி இல்லை. தொண்டை மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அவன் மூச்சுப் படும் தூரத்தில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. ஓடக்கூட இல்லை.

கலோமீரா இரண்டடி பின்வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள். சுத்தியல் கையிலேயே இருந்தது.

"தாகமா இருக்கும்" என்றாள்.

விரலைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் வைத்தான். ஒரு சொட்டு வழிந்தது. பல்லி அதை நக்கியது. இன்னொரு சொட்டு. அதையும். பிறகு, பிஷப் என்றால் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது போல, உத்தரத்தை நோக்கி மெதுவாக ஏறிப் போனது.

புதிதாய் வெள்ளையடித்த சுவரில் கைப்பிடி அளவு பள்ளம். கலோமீரா அதைப் பார்த்தாள். "படத்தை மேல மாட்டு. தெரியாது." மாட்டினான். அவள் அலமாரியைத் துழாவி, காய்ந்து கிடந்த விளக்கை எடுத்துத் துடைத்தாள். எண்ணெய் ஊற்றினாள். திரி போட்டாள்.

"பூச்சி வரணும்ல" என்றாள், யாரும் கேட்காமலே.

வெளியே கோவில் ஊர்வலத்துக்குப் பெண்கள் வாசல்களில் சாம்பிராணித் தட்டு எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. ஆர்கிரிஸ் மேஜையில் உட்கார்ந்தான். பயறு ஆறிப்போயிருந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தான். முகம் சுருங்கியது. கண்ணில் நீர் வந்தது.

"வினிகர் ஜாஸ்தி, அத்தை."

கலோமீரா விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினாள். அவனையே பார்த்தாள்.

"ஒரு வருஷமா இதே அளவுதான் ஊத்துறேன்" என்றாள்.