காபட் விரிக்கும் முன்

தயாபரனின் உடலுக்குத் தலைமாட்டில் மகள் நிரஞ்சலா. கால்மாட்டில் அவள் அம்மா விஜயலெட்சுமி. சுவரோரம் தோட்டத்து லயத்துப் பெண்கள். வெளியே, தயாபரன் கார் திருத்தும் தகரக் கொட்டகையில் ஆண்கள். நாற்காலி போதவில்லை, பழைய மொரிஸ் மைனர் காரிலிருந்து கழற்றிய முன்சீட்டில் அதன் சொந்தக்காரர் கனகரத்தினம், அப்புத்தளையிலிருந்து வந்தவர். பின்சீட்டில் இராமையா மாமாவும் இன்னும் இருவரும். நிரஞ்சலாவின் அண்ணன் சதீஸ்குமார் மட்டும் எங்கும் உட்காரவில்லை.

"அப்பா இங்கேருந்து போறதுக்குள்ள கார் முழுசா நிக்கணும். இப்படி எலும்புக்கூடா விட்டுட்டா அனுப்புறது?"

"சரியாச் சொன்ன மாப்புள" என்று மாமா எழுந்து சீட்டைத் தூக்கினார்.

நிரஞ்சலாவுக்கு ஜன்னல் வழியே கொட்டகைத் தரை தெரிந்தது. பூட்ட வேண்டிய ஒழுங்கிலேயே அப்பா பாகங்களைப் பரப்பியிருந்தார். அவளும்தான் கூட நின்று அடுக்கினாள். பூட்டியது தரையை விட்டுப் போகும். கையால் மட்டும் முடுக்கி வைத்ததென்றால், அது கிடந்த இடத்தில் ஒரு ஸ்பெனர் கிடக்கும், இறுக்கி முடியும்வரை. நேற்று மாலை தேத்தண்ணிக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும் ஒரு ஸ்பெனர் கிடந்தது, காரின் தரையில் விரிக்கும் காபட்டுக்கு முந்திய இடத்தில்.

அவள் எழப் பார்த்தாள்.

"தலமாட்ட விட்டு எந்திரிக்காத தாயி" என்று பக்கத்தில் இருந்த கருப்பம்மா தோளை அமுக்கினாள். ஒப்பாரி எழுந்தது. அதற்கு அடியில் இரும்பு இரும்போடு உரசிக்கொண்டே இருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டார் குளித்துக்கொண்டிருந்தபோது லொறியொன்று கிளம்பும் சத்தம் கேட்டது. ஈரத்தலையோடு ஓடினாள். கொட்டகை கூட்டிப் பெருக்கிக் கிடந்தது.

"கனகரத்தினம் ஐயா கார ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு" என்றான் சதீஸ்குமார். "நாளைக்குக் காலைல மகன் கிஷாந்தன் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போறானாம். 'உங்கட தகப்பன்ரை கை பட்ட கார் தம்பி'ன்னு அழுதுட்டாரு."

"தரையில கெடந்த ஸ்பெனர்?"

"பொட்டியில போட்டேன். ஏன்?"

"பிரேக் குழாய இறுக்குனியா?"

"அது அப்பா பூட்டுனதுதானே. மேல தகட்ட மூடி, காபட்ட விரிச்சு, சீட்ட வெச்சோம்." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. "...ஏன்?"

"கையாலதான் முடுக்கியிருந்தாரு. அதுக்குத்தான் ஸ்பெனர்."

அப்புத்தளையில் எந்தத் தெரு இறக்கமில்லாதது?

கனகரத்தினத்தின் நம்பர் அப்பாவின் போனில் மட்டும் இருந்தது. போன் அவர் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும்.

"நான் நேர்ல போறேன்."

"காரியம் முடியாம அவங்க வாசல மிதிப்பியா?" என்றான். அவள் கடிதம் எழுதத் தாள் தேடினாள். அவன் மெதுவாக, "பாப்பா, அவரு கடைசியா செஞ்ச வேல. அதுல பிழைன்னு நம்ம கையாலயே எழுதிக் குடுக்கணுமா? ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்ல?"

அவள் தாளை எடுத்தாள். அம்மா இருவரையும் பார்த்தாள். உள்ளே போனவள் ஒரு கடித உறையோடு வந்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றில் நாலு பருக்கையை உறைமேல் வைத்தாள்.

*மதிப்புக்குரிய ஐயா, காரை ஓட்ட வேண்டாம். சாரதி சீட்டைக் கழற்றி, காபட்டையும் அடியிலுள்ள தகட்டையும் எடுத்துப் பாருங்கள். பிரேக் குழாய் இறுக்கப்படவில்லை. தயாபரன் மகள், நிரஞ்சலா.*

பருக்கையை நசுக்கி ஒட்டினாள்.

பதுளைக்குப் போகும் பஸ் லுணுகலைச் சந்தியிலிருந்து ஏறி வந்தது. சதீஸ்குமார்தான் ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினான்.

"பதுளையில அப்புத்தளை பஸ்காரர்கிட்ட குடுத்துடுங்க அண்ணே. ஸ்டேசன் பக்கம், கனகரத்தினம் ஐயா வீடு. இன்னைக்கே போவணும்."

கொண்டக்டர் உறையைச் சட்டைப்பையில் செருகினார். ஒட்டிய இடம் இன்னும் ஈரமாகவே இருந்தது. பஸ் பனிக்குள் இறங்கியது. கீழ் வளைவில் பிரேக் பிடித்து அதன் பின்விளக்குகள் சிவக்கும்வரை இருவரும் ரோட்டிலேயே நின்றார்கள்.